மஞ்சள் தண்ணீரும் மரத்துப்போன கையும்

“கைய நீட்டு மிஸ்,” என்றாள் வள்ளியம்மா.

நீட்டினேன். வேப்பிலை மிதக்கும் செம்பைச் சாய்த்து, மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரைக்கும் மஞ்சள் தண்ணீரை நிதானமாக ஊற்றினாள். முற்றத்தில் வாய் திறந்து கிடந்த பீப்பாய்த் தண்ணீர் அது. ஆடி மாதத்து மழை முழுக்க அதில்தான் இறங்கியிருந்தது. முதலில் சுரீர் என்றது. அப்புறம் அந்த விரல்கள் என்னுடையவைதானா என்றே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

“ம், இப்ப உள்ள வா.”

உள்ளே கட்டிலில் அவள் மருமகள் சரோ படுத்திருந்தாள். எட்டு மாதம் முடிந்து ஒன்பது நடக்கிறது. சேலையை விலக்கி வயிற்றில் கை வைத்தேனோ இல்லையோ, “அய்யோ, ஃப்ரே, ஃப்ரே” என்று சுவர்ப்பக்கம் சுருண்டுவிட்டாள். எங்கள் க்ரியோல் பாஷையில் ஃப்ரே என்றால் குளிர். வயிறு கல்லாக இறுகிவிட்டது.

வள்ளியம்மா கதவில் சாய்ந்துகொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “என்ன மிஸ் இது, பொணத்துக் கை மாதிரி இருக்கு. இந்தக் கைய வெச்சுக்கிட்டு எந்தப் பொண்ணு வயித்தத் தொடப் போற நீ?”

இரண்டு நிமிஷத்துக்கு முன்னால் செம்புத் தண்ணீரை ஊற்றினவள் சாட்சாத் இவள்தான். எனக்கு வந்தது பாருங்கள் ஒரு கோபம். அந்தக் கோபத்தின் சூட்டைக் கைக்கு இறக்க வழி தெரிந்திருந்தால் இந்த அத்தியாயம் எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

தீவில் ஏது குளிர்?

நான் சைக்கிள் வாங்கிய கதையை எழுதினேன் அல்லவா, அதைப் படித்துவிட்டு மதுரை வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: “மொரீஷியஸ் என்றால் கடலும் வெயிலும்தானே, மழையில் நடுங்கினேன் என்கிறீர்களே, கொஞ்சம் மிகையோ?”

அம்மணி, நீங்கள் சொல்கிற கடலும் வெயிலும் ட்ரியோலே பக்கம், வடக்கே. அங்கே என் சித்தி இருந்தாள். நான் கம்பளிச் சட்டையோடு பஸ்ஸை விட்டு இறங்கினால், “வந்துட்டாடி கியூர்பிப்காரி” என்று தெருவே சிரிக்கும். தெற்கே சுயாக் பக்கம் போனாலும் அதே சிரிப்புதான். நான் இருந்தது நடுவில், மேட்டில், கியூர்பிப்பில். அங்கே ஆடி என்றால் நடுக்குளிர்காலம். ஒரு நாள் பளிச்சென்று விடிந்துவிட்டால் எங்கள் ஊர்ப் பெண்கள் சாமிக்குக் கற்பூரம் ஏற்றிவிட்டுத்தான் துணி ஊறப்போடுவார்கள். கற்பூரம் அணைவதற்குள் தூறல் ஆரம்பித்துவிடும்.

அந்த மேட்டில்தான் எனக்கு சர்க்கார் மருத்துவச்சி வேலை கிடைத்தது. சுதந்திரம் எல்லாம் இன்னும் வரவில்லை. ஆஸ்பத்திரிச் சுவரில் ராணி படம் மாட்டியிருந்த காலம். எனக்குக் கொடுத்தது ஒரு வெள்ளைக் கவுன், ஒரு தோள் போர்வை, ஒரு பை. சைக்கிள் என்னுடையது. ஊரைத் தாண்டி, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருந்த குடியிருப்புகள் எல்லாம் என் பொறுப்பு. அந்தக் குடியிருப்புகளை நாங்கள் ‘கான்’ என்போம்.

தமிழ்ப் பெண் ஒருத்தி கவுன் போட்டுக்கொண்டு சைக்கிளில் போவதா என்று கோயில் கமிட்டியில் ஒருவர் கேட்டாராம். எங்கள் அப்பா, “அவ நடந்து போனா புள்ள முன்னால பொறந்துடும், உங்க வீட்டுப் புள்ளயா இருந்தா என்ன பண்ணுவீங்க?” என்று திருப்பிக் கேட்டிருக்கிறார். கேட்டவருக்கு அப்போது மருமகள் மாசமாக இருந்தாள். பேச்சு அத்தோடு முடிந்தது.

பிரேக் பிடித்த கை

மழையில் சைக்கிள் ஓட்டினவர்களுக்குத் தெரியும். கால் நனையலாம், தலை நனையலாம், கோணியைக் குல்லாய் மாதிரி மடித்துத் தலையில் போட்டுக்கொண்டால் முதுகு கூடத் தப்பும். தப்பாதது கைதான். அது எல்லோருக்கும் முன்னால் போய் ஹேண்டில்பாரில் உட்கார்ந்துகொண்டு மழையை வரவேற்கிறது.

அதிலும் எனக்குப் போகும் வழி பூராவும் இறக்கம். பெடலை மிதிக்க வேண்டாம், அதனால் உடம்பு சூடேறாது. பிரேக்கை விடாமல் பிடிக்க வேண்டும், அதனால் கையை மடக்கிப் பையில் போட முடியாது. போகிற இடம் வருவதற்குள் விரல்கள் பிரேக்கைப் பிடித்த வாக்கிலேயே வளைந்து நின்றுவிடும். ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க வேண்டும்.

வேறு வேலையாக இருந்தால் பாதகமில்லை. எங்கள் தொழிலில் கைதான் கண். குழந்தையின் தலை எங்கே, முதுகு எந்தப் பக்கம் என்பதை விரல்தான் பார்க்கிறது. மரத்துப்போன விரலுக்குப் பார்வை கிடையாது. அது போதாதென்று, குளிர்ந்த கை பட்டால் வயிறு இறுகிக்கொள்ளும். இறுகிய வயிற்றில் கை வைத்துக் குழந்தையைத் தேடுவதும், மூடின பெட்டியைத் தடவி உள்ளே என்ன புடவை என்று சொல்வதும் ஒன்றுதான்.

நானும் சும்மா இருக்கவில்லை. கம்பளிக் கையுறை வாங்கினேன். முதல் வளைவிலேயே ஊறிவிட்டது. அதற்குப் பிறகு அது கையுறை இல்லை, கைக்குப் போட்ட ஈரத்துணி. சுடச்சுட வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தோள் போர்வையின் பையில் வைத்துக்கொண்டு, சமதளம் வரும்போதெல்லாம் ஒரு கையை அதில் வைத்துப் பார்த்தேன். அருமையான உபாயம். ஆனால் மழையில் சைக்கிள் ஓட்டினால் பசிக்கும் என்பதை நான் யோசிக்கவில்லை. பாதி வழியில் கிழங்கு காலி.

பிறகு எங்கள் அப்பா ஒரு வைத்தியம் சொன்னார். ரம்மை எடுத்து உள்ளங்கையில் சூடு பறக்கத் தேய்த்துக்கொள்ளச் சொன்னார். அவரிடம் கேட்டதே தப்பு, எந்த வியாதிக்கும் அவருக்குத் தெரிந்த மருந்து அது ஒன்றுதான். தேய்த்துக்கொண்டு போனேன். நான் போன வீட்டுப் பெரியவர் என்னைத் தாண்டிப் போனவர், நின்றார், மூக்கை உறிஞ்சினார், திரும்பி வந்தார்.

“மிஸ், இந்தக் குளுருக்கு எனக்கும் ஒரு சொட்டு கெடைக்குமா?” என்று மெதுவாகக் கேட்டார்.

மறுநாள் கான் முழுக்க, மிஸ் தண்ணி போட்டுவிட்டுத்தான் சைக்கிள் ஏறுகிறாள் என்று பேச்சு. ஆஸ்பத்திரியில் எனக்கு மேலே இருந்த சிஸ்டர் கூப்பிட்டு விசாரித்தார். என் கையை முகர்ந்து பார்த்து, சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வரச் சொன்னார். தீராத குளிர் ஒரு பக்கம், மாறாத கெட்ட பேர் ஒரு பக்கம்.

கடைசியாகத் துணிந்து தோல் கையுறை ஒன்று வாங்கினேன். உள்ளே ஆட்டு ரோமம் வைத்துத் தைத்தது. வெள்ளைக்காரத் துரைசானிகள் போடுவது. அது நன்றாகவே வேலை செய்தது. முதல் தடவையாகச் சூடான கையோடு ஒரு வீட்டு வாசலில் போய் இறங்கினேன். அந்த வீடு வள்ளியம்மா வீடு.

காப்புக் கட்டின வீடு

வள்ளியம்மாவின் மகன் வேலு தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தான். அதிகம் பேசமாட்டான். சரோவுக்கு முன்னால் இரண்டு கரு தங்கவில்லை. மூன்றாவது தங்கியதும், அம்மனுக்குத் தீ மிதிக்கிறேன் என்று வேண்டிக்கொண்டுவிட்டான். ஆடியில் கோயிலில் தீமிதி. நான் அங்கே போக ஆரம்பித்தபோது அவன் கையிலும் வள்ளியம்மா கையிலும் மஞ்சள் காப்பு ஏறியிருந்தது. பிள்ளைத்தாய்ச்சி என்பதால் சரோவுக்கு மட்டும் கட்டவில்லை.

காப்புக் கட்டின வீட்டில் கறி மீன் கிடையாது, ரம் கிடையாது, தோல் சாமான் வாசல் தாண்டக் கூடாது. தீமிதி முடிகிற வரைக்கும் அம்மன் எல்லையைத் தாண்டி ராத்தங்கக் கூடாது. என் அருமைக் கையுறையைப் பார்த்ததும் வள்ளியம்மா ஒரு குச்சியால் தூக்கி சைக்கிள் மேலேயே போட்டுவிட்டாள். நான் திரும்பி வந்தபோது அதன் பத்து விரலிலும் மழை நிரம்பியிருந்தது.

அது மட்டுமா, நானோ பிரசவ வீடு பிரசவ வீடாக ஏறி இறங்குகிறவள். என் கையில் எத்தனை வீட்டுத் தீட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறதோ. அதற்குத்தான் வாசலில் மஞ்சள் தண்ணீர்.

“தண்ணிய ஒரு கொதி சுட வெச்சு ஊத்துனா ஆகாதா மாமி?” என்று கேட்டேன். எங்கள் தீவில் வயசான பெண்கள் எல்லோரும் மாமிதான்.

“அம்மன் தண்ணியச் சுட வெக்கச் சொல்றியா? அவளே கொதிச்சுக்கிட்டு இருக்கா. வீடு குளுந்து இருந்தாத்தான் குழி குளுந்து இருக்கும். நெருப்புல எறங்கப் போறது எம் புள்ள மிஸ், நீ இல்ல.”

“சரி, அடுப்புக்கிட்ட ஒரு நிமிஷம் கைய காட்டிக்கிறேன்.”

“வெரதச் சோறு வேகற அடுப்பு. அங்க நீயா? நல்லா இருக்கு.”

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பார்கள். இந்த வீட்டில் பூசாரி வள்ளியம்மா. சுடுதண்ணீர் இல்லை, அடுப்பு இல்லை, கையுறை இல்லை, ரம்மை நினைத்தே பார்க்கக் கூடாது. வெறும் கையோடு, அதுவும் குளிர்ந்த கையோடுதான் சரோவின் கட்டில் வரைக்கும் போக முடியும்.

இதில் சிரிக்க முடியாத விஷயம் ஒன்று இருந்தது. முதல் நாள் சரோ சுருண்டு படுப்பதற்கு முன்னால், அரை நொடி, என் கைக்கு வலது விலாப்பக்கம் ஏதோ தட்டுப்பட்டது. கெட்டியாக, உருண்டையாக. தலை அங்கே இருக்கக் கூடாது. அங்கே இருந்தால் குழந்தை குறுக்கே கிடக்கிறது என்று அர்த்தம். குறுக்கே கிடக்கிற குழந்தை தானாக வெளியே வராது. வீட்டில் வலி எடுத்துவிட்டால் தாயும் போவாள், பிள்ளையும் போகும். படிக்கிற காலத்தில் ஆஸ்பத்திரியில் அப்படி ஒருத்தியைத் தாமதமாகக் கொண்டுவந்தார்கள். அவள் முகம் எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது.

இரண்டாம் தடவையும் அதே மஞ்சள் தண்ணீர், அதே ஃப்ரே, அதே கல் வயிறு. நான் வெளியே வந்து சொன்னேன்.

“மாமி, குழந்த குறுக்க இருக்கும்னு தோணுது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்.”

“தோணுதா, தெரியுதா?”

“கை மரத்துப் போச்சு மாமி. நிச்சயமாச் சொல்ல முடியல.”

“அப்பத் தெரியல. காப்புக் கட்டின வீட்டுல இருந்து எல்லை தாண்டிப் போயி ராத்தங்கணும்னா, உனக்குத் தோணுனா மட்டும் போதுமா? ரெண்டு புள்ளயப் பறிகொடுத்துட்டு அம்மனக் கும்பிட்டு நிக்கிறோம். இப்ப அவகிட்ட சொன்ன பேச்ச மீறச் சொல்ற.”

வேலு தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தான். அவனைப் பார்த்தேன். அவன் தன் கையிலிருந்த காப்பைப் பார்த்தான்.

திரும்பும் வழி பூராவும் ஏற்றம். மிதித்து மிதித்து வீடு வருவதற்குள் கை நன்றாகச் சூடாகிவிட்டது. எனக்கு அழுகை வந்தது. எனக்குப் பயமாக இருந்தது, வேறென்ன.

கட்டிலுக்கு அடியில்

மூன்றாம் தடவை போன அன்று மழை சொல்லி மாளாது. தேயிலைச் செடி எது, தண்ணீர் எது என்று தெரியவில்லை. வாசலில் கையை நீட்டினேன். ஊற்றினாள். உள்ளே போய் சரோவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கையை அக்குளில் இடுக்கிக்கொண்டு காத்திருந்தேன். அக்குளே நனைந்திருந்தால் அது என்ன செய்யும்?

அப்போது என் கால் கட்டைவிரலை எதுவோ வெடுக்கென்று கொத்தியது.

குனிந்து பார்த்தேன். கட்டிலுக்கு அடியில் ஒரு கூடை. கூடையில் ஒரு செவலைக் கோழி, இறகைச் சிலுப்பிக்கொண்டு, என்னை முறைத்துக்கொண்டு அடை காத்துக்கொண்டிருந்தது. கோழிக்கூட்டில் மழைத் தண்ணீர் புகுந்துவிட்டதால் உள்ளே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். விரத வீடு ஆனதால் அதன் கழுத்துக்கு ஆபத்தில்லை. அந்தத் தைரியம் அதன் பார்வையில் தெரிந்தது.

கூடையைத் தள்ளி வைக்கலாம் என்று கையைக் கொண்டுபோனேன். விரல் அதன் வயிற்றுக்கு அடியில் போய்விட்டது.

ஐயோ, என்ன சூடு அது. முட்டைகளுக்கு நடுவே, மெத்தென்ற இறகுக்கு அடியில், பிள்ளைக்கு ஜுரம் அடிப்பது மாதிரி ஒரு சூடு. கோழி கொத்தியது. கொத்தட்டும் என்று இரண்டாவது கையையும் உள்ளே விட்டேன். மறுபடி கொத்தியது. சர்க்கார் மருத்துவச்சி வெள்ளைக் கவுனோடு தரையில் முட்டி போட்டு, கட்டிலுக்கு அடியில் முழங்கை வரை கையை விட்டுக்கொண்டு, கோழியிடம் கொத்து வாங்கிக்கொண்டிருந்தேன்.

“என்ன மிஸ் பண்ற அங்க?” என்று கதவிலிருந்து குரல் வந்தது.

“கைக்குச் சூடு ஏத்திக்கிறேன் மாமி.”

“கோழிக்கு அடியிலயா?”

“கோழி தீட்டா மாமி?”

வள்ளியம்மா குனிந்து கூடையைப் பார்த்தாள். நெருப்பு என்றால் கூடாது. வெந்நீர் என்றால் கூடாது. கறி என்றால் கூடாது. ஆனால் உயிரோடு முட்டையின் மேல் உட்கார்ந்திருக்கிற கோழியைப் பற்றி அவளுக்கு யாரும் எதுவும் சொல்லி வைக்கவில்லை.

“கொழம்புல எறங்குனாத்தான் அது தீட்டு,” என்று தீர்ப்புச் சொன்னாள். “இப்ப அது வீட்டு ஆளு.”

கட்டில் குலுங்கியது. நிமிர்ந்து பார்த்தால் சரோ சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சத்தம் வராமல், சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நான் எழுந்து அவள் வயிற்றில் கை வைத்தேன். அவள் சுருண்டு படுக்கவில்லை. வயிறு மாவு பிசைந்தது மாதிரி இளகிக் கிடந்தது.

வலது விலாப்பக்கம் தலை. இடது பக்கம் பிட்டம். நடுவே கீழே ஒன்றுமில்லை. சந்தேகத்துக்கே இடமில்லாமல் என் விரல்கள் பார்த்துவிட்டன. எனக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சிரிப்பும் நின்றுவிட்டது.

“மாமி, இங்க வாங்க. கையக் குடுங்க.”

“எங் கையும் சில்லுன்னுதான் இருக்கு. காலையிலருந்து தண்ணியிலதான கெடக்கேன்.”

“அப்ப மொதல்ல கோழிகிட்ட போயிட்டு வாங்க.”

போவாள் என்று நான் நினைக்கவில்லை. போனாள். முட்டியை ஊன்றிக் குனிந்து, காப்புக் கட்டின கையைக் கோழிக்கு அடியில் விட்டாள். அது அவளையும் கொத்தியது. வாய் திறக்காமல் வாங்கிக்கொண்டாள். எழுந்து வந்ததும் அவள் கையைப் பிடித்து அந்தத் தலையின் மேல் வைத்தேன். வைத்த நேரம், உள்ளே குழந்தை அசைந்தது. தலை அவள் உள்ளங்கையில் ஒரு தடவை உருண்டு நின்றது.

“இதுவா தல?”

“அதான் மாமி.”

“தல கீழயில்ல இருக்கணும்.”

“ஆமா.”

வள்ளியம்மா கையை எடுக்கவில்லை. சரோ எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். “அத்த?” என்றாள். வள்ளியம்மா அவள் வயிற்றில் சேலையை இழுத்து மூடிவிட்டு வெளியே போனாள்.

முற்றத்தில், மழையிலேயே, வேப்பங்கன்றுக்குப் பக்கத்தில் நின்றாள். பல்லால் கடித்துத் தன் காப்பை அவிழ்த்தாள். கன்றின் கிளையில் அதைக் கட்டினாள்.

“நான் வர்ற வரைக்கும் இது இங்க இருக்கட்டும். பாத்துக்க,” என்றாள். யாரிடம் சொன்னாள் என்று எங்களுக்கு விளங்கியது.

பிறகு வேலு பக்கம் திரும்பினாள். “நீ எல்லைய விட்டு நகராத. நெருப்ப நீ பாத்துக்க. புள்ளய நான் பாத்துக்கறேன்.”

தேயிலை ஏற்றப் போகும் லாரியை நிறுத்தி, முன் ஸீட்டில் சரோவையும் அவள் மாமியாரையும் ஏற்றினோம். ஏற்றத்தில் லாரி ஊர்ந்துதான் போனது, நான் பின்னாலேயே சைக்கிளில் போனேன். லாரியின் புகை கொஞ்சம் கதகதப்பாக இருந்தது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

காதில் விழாத சேதி

ஆஸ்பத்திரியில் டாக்டர் குழந்தையை வெளியிலிருந்தே திருப்பிப் பார்த்தார். திரும்பியது. மறுநாள் பழையபடி குறுக்கே போய்ப் படுத்துக்கொண்டது. பாட்டியின் பிடிவாதம் குழந்தைக்கு அப்படியே இருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன், வாய் விட்டுச் சொல்லவில்லை. படுக்க வைத்துக் காத்திருந்தார்கள். தீமிதி அன்று காலையில் வலி எடுத்தது. அறுத்துத்தான் எடுத்தார்கள். பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். வீட்டில் வலி எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். அதை நான் இங்கே எழுதப் போவதில்லை.

நான் சைக்கிளை எடுத்தேன், வேலுவிடம் ஓடிப்போய்ச் சொல்ல. வள்ளியம்மா என் ஹேண்டில்பாரைப் பிடித்து நிறுத்தினாள்.

“அவன் குழியில எறங்கி ஏறுனப்பறம்தான் சொல்லணும். முன்னாடி சொல்லிப்புடாத.”

“ஏன் மாமி? அவரு அங்க தவிச்சுக்கிட்டு இருப்பாரு.”

“புள்ள பொறந்த சேதி காதுல விழுந்தா தீட்டு. தீட்டுக்காரன் குழியில கால் வெக்கலாமா? விழாத வரைக்கும் தீட்டு இல்ல. உம் மூஞ்சியக் கல்லு மாதிரி வெச்சுக்க.”

சொல்லிவிட்டாள் சுலபமாக. என் மூஞ்சி கல் மாதிரி இருக்கிற மூஞ்சியா? எனக்கு ஒரு சந்தோஷம் என்றால் ரெண்டு தெரு தள்ளி இருப்பவருக்குக் கூடத் தெரிந்துவிடும். மழையில் முகத்தை இறுக்கிப் பழகிக்கொண்டே சைக்கிளை மிதித்தேன். அன்று கை குளிர்ந்ததா என்றே நினைவில்லை.

கோயிலில் தூறலோடு குழி தகதகவென்று கிடந்தது. ஒவ்வொரு துளி விழும்போதும் உஸ் உஸ்ஸென்று ஆவி கிளம்பியது. நான் கூட்டத்தில் முண்டி முன்னால் போய் நின்றேன். நின்றதும், உள்ளதைச் சொல்ல வேண்டும், முதல் வேலையாகக் கையை நீட்டிக் குளிர் காய்ந்தேன். தொடுவதற்கு ஒரு வயிறும் இல்லாத அந்த ஒரு நாள்தான் என் கை அப்படிச் சூடாக இருந்தது.

குழிக்கு அந்தப் பக்கம் வேலு நின்றான். மஞ்சள் வேட்டி, தலையில் பூ. என்னைப் பார்த்துவிட்டான். அவ்வளவு தூரத்திலிருந்தும் அவன் கண் என்ன கேட்கிறது என்று எனக்குத் தெரிந்தது. நான் முகத்தைக் கல்லாக்கிக்கொண்டேன். கல்லாக்கினதுதான் வினையாகிவிட்டது. அவன் முகத்தில் ரத்தமே இல்லாமல் போனதைப் பார்த்தேன். கெட்ட சேதி என்று நினைத்துவிட்டான்.

சிரித்தால் தீட்டு. சிரிக்காவிட்டால் அவன் செத்துப் பிழைக்க வேண்டும். நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன். அந்த வாய் நிறைய சேதியை அடக்கி வைத்துக்கொண்டு நின்ற நேரம் மாதிரி நீளமான நேரத்தை நான் எந்தப் பிரசவத்திலும் பார்த்ததில்லை.

தவில் சத்தம் ஏறியது. வேலு குனிந்து கும்பிட்டான். கண்ணை மூடாமல், என்னையே பார்த்துக்கொண்டு, குழியில் இறங்கினான். ஓடவில்லை. நடந்தே வந்தான். இந்தப் பக்கம் பாலில் கால் வைத்ததும் நான் அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். அந்தக் காலத்தில் யாரும் செய்யாத காரியம்.

“பொண்ணு,” என்றேன். “ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க.”

அவன் பால் ஊற்றின இடத்திலேயே உட்கார்ந்துவிட்டான். பிறகு என் கையை முகத்தில் வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதான். பக்கத்தில் இருந்தவர்கள் கால் வெந்துவிட்டது போலிருக்கிறது என்று மஞ்சளைத் தேடினார்கள்.

கூலியாக வந்தது

சரோவின் காயம் ஆறி, தீட்டெல்லாம் கழிந்த பிறகு என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். வேப்பங்கன்றில் காப்பு இல்லை. வள்ளியம்மா திரும்பி வந்து கோயில் குளத்தில் விட்டுவிட்டாளாம். அம்மனுக்கும் அவளுக்கும் என்ன பேச்சு நடந்தது என்று நான் கேட்கவில்லை. வாசலில் பழக்க தோஷத்தில் கையை நீட்டினேன். “உள்ள வா, உள்ள வா” என்றாள். செம்பைக் காணோம்.

பிள்ளையைத் தூக்கிக் கொடுத்தாள். நல்ல உருண்டைத் தலை. அந்தத் தலை எனக்கும் வள்ளியம்மாவுக்கும் ஏற்கனவே பழக்கம்.

புறப்படும்போது அந்தச் செவலைக் கோழியைக் காலைக் கட்டிக் கொண்டுவந்தாள். குஞ்சுகள் தனியாக மேயத் தொடங்கிவிட்டனவாம்.

“வெரதம் முடிஞ்சுது. கொழம்பு வெச்சுச் சாப்பிடு மிஸ். நல்ல கறி இருக்கு.”

வேண்டாம் என்றால் அவள் மனசு கோணும். வாங்கிக்கொண்டேன். சைக்கிளின் முன்கூடையில் வைத்து, மேலே கோணியைப் போர்த்திக் கட்டினேன்.

கானைத் தாண்டவில்லை, மழை பிடித்துக்கொண்டது. ஏற்றத்தில் இறங்கித் தள்ள ஆரம்பித்தேன். விரல்கள் வழக்கம்போல வளையத் தொடங்கின. ஒரு கையால் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையைக் கோணிக்கு அடியில் விட்டேன். கொத்தப் போகிறது என்று கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

கொத்தவில்லை. கொஞ்சம் எழும்பி, என் கையின் மேல் சரியாக உட்கார்ந்துகொண்டது.

கியூர்பிப் வருகிற வரைக்கும் கையை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு வந்தேன். வீட்டில் அப்பா எப்படியோ சேதி தெரிந்து மசாலா அரைத்து வைத்து, பெரிய சட்டியை அடுப்பில் ஏற்றிவிட்டு, வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

அவருக்கு அன்றைக்குப் பருப்புதான்.